உப்புக்கரைத் தாவரங்கள்: பாலமீன்மடுவிலிருந்து பொத்துவில் வரை

முதல் நாள்: பாலமீன்மடு

முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கிறது. ஆவணி மாதத்து மட்டக்களப்பில் இது புதினமில்லை. கச்சான் காற்று உடம்பில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மணல் திட்டில் பெடியன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். மார்கழியில் வந்து பார்த்தால் அந்த ஆடுகளத்தின் மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். உவர்நிலத் தாவரங்கள் பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் படம் கீறியே முடித்துவிடுகிறோம். ஆவணி விடுமுறை வந்தது, கல்லடியில் சின்னம்மா வீடு இருக்கிறது, சின்னம்மாவின் மகனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. சரி, நேரில் பார்த்துவிட்டு வருவோம் என்று புறப்பட்டுவிட்டேன். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைக்குக் கண்டதை இங்கே எழுதிப் போடுகிறேன்.

வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேருகிற வாய்கள் இரண்டுதான்: ஒன்று இந்தப் பாலமீன்மடு, மற்றது தெற்கே கல்லாறு. மாரியில் மேற்கே இருந்து வெள்ளம் வந்து நிரம்பும்போது வாய் தானாக உடையும். சில வருடங்களில் வயல் மூழ்காமல் இருக்க ஆட்களே வெட்டி விடுவார்கள். அதன்பிறகு கடல் உள்ளே வரும். கோடையில் மணல் மூடும், வெயில் தண்ணீரைக் குடிக்கும், உப்பு மட்டும் மிஞ்சும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, அது பெரிதாக மாறுவதில்லை. வாவிக்கரை மரத்துக்கு அந்த நிச்சயம் கிடையாது. மார்கழியில் அதன் வேரை நனைப்பது ஏறக்குறைய நன்னீர், ஆவணியில் நல்ல உப்புநீர். வருடம் முழுக்க ஒரே உப்பைத் தாங்குவதைவிட இது கூடிய சிரமம் என்று எனக்குப் படுகிறது. புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1913ஆம் ஆண்டு கட்டிய வெளிச்சவீட்டைத் தாண்டிக் கரையோரம் நடந்தால் கண்ணா மரங்கள். அவிசீனியா என்று வகுப்பில் சொல்வோம். இலையின் மேற்பக்கம் பளபளப்பான பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூசியதுபோல வெளுப்பு. மரத்தைச் சுற்றிச் சேற்றில் விரல் தடிப்பில் ஆயிரக்கணக்கான வேர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. செருப்போடு நடந்தால்கூட குத்தும். இந்த நிமிர்ந்த வேர்களை உப்புக்கானவை என்று பிள்ளைகள் சோதனையில் எழுதுவதுண்டு. உப்புக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பில்லை, இவை மூச்சுவிடுவதற்கு. கீழே உள்ள கருஞ்சேற்றில் ஒட்சிசன் கிடையாது. ஒரு குச்சியால் கிளறினேன், கூழ்முட்டை வாடை அடித்தது.

உப்பின் விஷயம் இலையில் இருக்கிறது. தம்பி ஓர் இலையைப் பறித்து நீட்டினான்.

"நக்கிப் பாருங்க அக்கா."

நக்கினேன். கடல்நீர் வாயில் பட்டால் வருகிற கரிப்பு அல்ல, கல்லுப்பை நேரே நாக்கில் வைத்தது மாதிரி. வெயிலுக்கு நேரே பிடித்தால் நுண்ணிய மணிகள் மின்னுவது தெரிகிறது. விரலால் தேய்த்தால் நறநறக்கிறது. இலையில் உப்புச் சுரப்பிகள் உண்டு, வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவில். இலைக்குள் வந்த சோடியத்தையும் குளோரைட்டையும் அவை சக்தியைச் செலவழித்து வெளியே தள்ளுகின்றன. துளியாக வெளிவந்து, தண்ணீர் ஆவியாகி, மணியாக நிற்கிறது. காற்றோ பனியோ மழையோ வந்து கழுவிக்கொண்டு போகும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணா உப்பை இலையால் வெளியேற்றும் மரம், கண்டல் உப்பை வேரிலேயே மறிக்கும் மரம் என்று இரண்டு கட்டமாகப் பிரித்துப் படிப்பிக்கிறோம். அது பாதி உண்மை. வேர் வாசலில் வருகிற உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கண்ணாவும் மறித்துவிடுகிறது. இலையில் நான் நக்கியது அதையும் மீறி உள்ளே நுழைந்த கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையே இப்படி நாக்கில் உணர முடிகிறது என்றால், வேர் மறிக்காவிட்டால் மரம் சீக்கிரமே கருகியிருக்கும்.

கண்ணாவுக்குப் பின்னால், கொஞ்சம் மேட்டில், தில்லை மரங்கள். முதிர்ந்த இலைகள் செம்மஞ்சளாகப் பழுத்து நிற்கின்றன, பார்க்க அழகு. தோணியில் இருந்த அண்ணன் ஒருவர் தூரத்திலிருந்தே கத்தினார்: "அதுல கைவைக்காதீங்க, பால் கண்ணுல பட்டா கண் தெரியாமப் போயிரும்." உண்மைதான். தில்லைப் பால் தோலைக் கொப்பளிக்கச் செய்யும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையை மறைக்கும். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

இரண்டாம் நாள்: படுவான்கரை

இங்கே ஊர்களை எழுவான்கரை, படுவான்கரை என்று பிரிப்பார்கள். வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான், மேற்கே வயல் பக்கம் படுவான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தில் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் இங்கே வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைப் படகு. இப்போது மோட்டார் சைக்கிளில் சில நிமிடம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வாவிப் பக்கமாகத் திரும்பினோம்.

வாய்க்கால் தண்ணீர் எட்டுகிற வட்டைகளில் சிறுபோக வெட்டு நடக்கிறது. மெசின் ஓடிய வயல்களில் கொக்குகள். வாவியை ஒட்டிய தாழ்ந்த வயல்களில் அப்படியில்லை. மழையை நம்பிப் பெரும்போகம் மட்டும் செய்கிற நிலம் அது, இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. சில இடங்களில் மண்ணின் மேல் வெள்ளைப் படை. குனிந்து சுரண்டினேன். மேல்தோல் பொருக்காக எழும்பி வந்தது, கீழே மண் ஈரம்.

வரம்பில் நின்ற வயல்காரர் ஒருவருக்கு எழுபது வயது இருக்கும். என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"உப்பு மேலால வாறதில்ல மகள், கீழால வாறது. மழை பெய்ஞ்சா இறங்கும். மறுகா கோடைக்கு ஏறும். எங்கட அப்பா காலத்திலயும் இப்பிடித்தான். இப்ப கொஞ்சம் கூட."

இதைவிடச் சுருக்கமாக நான் படிப்பித்ததில்லை. நிலத்தடியில் ஆழம் குறைவாகச் சவர்த்தண்ணீர் இருந்தால், மண்ணின் நுண்துளைகள் வழியாக அது மேலேறும். மேலே வந்த தண்ணீர் ஆவியாகும், உப்புக்குப் போக வழியில்லை. மாரியின் முதல் மழையைக் கட்டி நிறுத்தி, மண்ணைக் கலக்கி, அந்தத் தண்ணீரை வடிய விட்டுவிட்டுத்தான் விதைப்பாராம். மழை பிந்தினால் விதைப்பும் பிந்தும். அவசரப்பட்டு விதைத்த வருடம் நாற்று நுனி கருகி மஞ்சளாகிவிட்டது என்றார்.

நெல்லுக்கு உப்பு ஆகாது. மண்ணின் உவரை மின்கடத்துதிறனால் அளப்பார்கள். மீற்றருக்கு 3 டெசிசீமன் வரை நெல் சமாளிக்கும், அதற்குமேல் ஏறுகிற ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 12 வீதம் குறையும் என்பது 1970களிலிருந்து விவசாய நூல்களில் உள்ள கணக்கு. கடல்நீர் 50ஐ ஒட்டி நிற்கும். இதில் வேடிக்கை, விதை முளைக்கும்போது நெல் ஓரளவு தாங்குகிறது. இளநாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் விழுந்துவிடுகிறது. வயல்காரர் கண்டதும் அந்த நாற்றுப் பருவத்தைத்தான்.

உப்பு ஒரு செடியை இரண்டு விதமாக அடிக்கிறது. முதலாவது தாகம். தண்ணீர் உப்புக் கூடிய பக்கத்துக்கு நகர்வதுதான் பிரசாரணம்; மண்ணீரில் உப்பு கூடினால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வாடும். இரண்டாவது நஞ்சு. சோடியம் அயன் பொற்றாசியத்தைப் போலத் தோற்றம் காட்டி உள்ளே நுழைந்து, பொற்றாசியத்தை நம்பி வேலை செய்கிற நொதியங்களைக் கெடுக்கும். தாகம் சில மணி நேரத்தில் தெரியும். நஞ்சு தெரிய நாள் எடுக்கும், பழைய இலையின் நுனியிலிருந்து தொடங்கும். அந்த மஞ்சள் நாற்றில் இரண்டும் இருந்திருக்கும்.

தாங்குகிற நெல்லும் உண்டு. கேரளத்துக் கரையோரச் சதுப்புகளில் விளையும் பொக்காளி உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்த இனம். அதன் முதலாவது நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பகுதிக்கு சால்ட்டோல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சோடியம் தண்டுக்கு ஏறாமல் தடுப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. நம் நாட்டில் அம்பலாந்தோட்டையில் உருவான ஏ.ரி. 354 உவர் நிலத்துக்கென்று சொல்லப்படுகிற நெல். வயல்காரரிடம் கேட்டேன். "தெரியும் மகள், போட்டம். உப்பு வருசம் அது நிற்கும். நல்ல வருசம் மற்றது கூடத் தரும். எந்த வருசம் எது எண்டு ஆருக்குத் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உவரைத் தாங்குவதற்குச் செடி தன் சக்தியில் ஒரு பங்கை வைக்க வேண்டியிருக்கிறது; உப்பில்லாத வருடத்திலும் அந்தச் செலவு முழுதாக நின்றுவிடுவதில்லை.

நெல் நிற்காத மூலைகளில் உமரி நிற்கிறது. பச்சையும் செந்நீலமுமாக, முழங்கால் உயரத்தில் புதர் புதராக. வெயிலும் உப்பும் கூடுகிற இடத்தில் சிவப்பும் கூடுகிறது. பீற்றூட்டைச் சிவப்பாக்குகிற அதே வகை நிறப்பொருள்; இரண்டும் ஒரே குடும்பம். ஓர் இலையை நகத்தால் நசுக்கினேன். இலை என்பதைவிடச் சின்னத் தண்ணீர்ப் பை என்று சொல்லலாம். சாறு கொட்டியது, நல்ல உப்பு.

கண்ணாவின் வழியும் உமரியின் வழியும் வேறு. உமரி உப்பைத் தடுக்கப் பெரிதாக முயல்வதில்லை. உள்ளே வரவிட்டு, ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் உள்ள புன்வெற்றிடம் என்கிற பைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. நொதியங்கள் வேலை செய்கிற குழியவுருவில் சோடியம் தேங்காமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் புன்வெற்றிடத்தில் மட்டும் உப்பு ஏறினால் குழியவுருவின் தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும் அல்லவா? அதைச் சமன்செய்யக் குழியவுருவில் கிளைசின் பீற்றேன் போன்ற தீங்கில்லாத பொருள்களைச் செடியே செய்து நிரப்பிக்கொள்கிறது. பீற்றேன் என்ற பெயரே பீற்றிலிருந்து வந்தது, முதலில் சீனி எடுக்கிற பீற்றுக் கிழங்கில்தான் கண்டுபிடித்தார்கள். மரக்கறிக்கடையில் இருக்கிற பீற்றூட்டின் காட்டு மூதாதை ஐரோப்பாவின் கடற்கரைச் செடி. உமரிக்கு அது தூரத்துச் சொந்தம்.

பின்னேரம் ஒரு பை நிறைய உமரிக் கொழுந்தோடு வீட்டுக்குப் போனேன். சின்னம்மா சிரித்தார். "யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதுவும் புதினமாகா?" அவித்து, தண்ணீரை ஊற்றி, மறுபடி அவித்துப் பிழிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை செய்தார். உப்பு போடவே இல்லை. பிட்டோடு நன்றாக இருந்தது. தம்பி தொடவில்லை.

மூன்றாம் நாள்: கல்லடிக் கடற்கரை

இன்று அலைச்சல் இல்லை. காலையில் கடற்கரைக்கு நடந்து போய் வந்ததுதான்.

கடல் ஓரத்து மணலை அடம்பன் கொடி பிடித்து வைத்திருக்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். கொடியை இழுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இழுத்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும், ஒன்றைப் பிடுங்கினால் அடுத்தது பிடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இராவணன் மீசை, ஊசிமுனைப் புல். அதன் காய்த்த உருண்டைகள் காற்றில் உருண்டு திரிகின்றன.

இவற்றை உப்பில் வாழ்கிற செடிகள் என்று சேர்ப்பதில் எனக்கு ஒரு தயக்கம். கடற்கரை மணல் நாம் நினைக்கிற அளவு உப்பில்லை. மழை பெய்தால் மணலில் உப்பு நிற்காமல் கழுவிப் போய்விடும். அடம்பன் சமாளிக்க வேண்டியது காற்றோடு வருகிற உப்புத் தூறலையும், மணல் மூடுவதையும், சூட்டையும். தடித்த இலை, மெழுகுத் தோல், மூட மூட மேலே வளர்கிற தண்டு எல்லாம் அதற்குத்தான். வேர் தேடுவது நன்னீரை.

நன்னீர் இருக்கிறது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் நாடா. இரண்டு பக்கமும் உப்பு. ஆனாலும் வீட்டுக் கிணற்றில் குடிக்கத் தக்க தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு பேரின் பெயரில் உள்ள கணக்குப்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருந்தால் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும். திருப்பியும் வாசிக்கலாம்: மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழே 40 அடியை இழக்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கிணறுகள் எல்லாவற்றிலும் கடல் புகுந்தது. இங்கே திருச்செந்தூர் முருகன் கோவில் கோபுரம் அன்று சாய்ந்த சாய்வில் இன்னும் நிற்கிறது, பார்க்க வருகிறவர்களும் உண்டு. கிணறுகளைச் சுத்தம் செய்ய இயந்திரம் வைத்து இறைத்தார்கள், திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சில இடங்களில் இறைக்க இறைக்க உவர் கூடியது, கீழே இருந்த உப்புநீர் மேலே வந்ததால். கடைசியில் கிணற்றைத் திருத்தியது மாரி மழைதான். சின்னம்மா வீட்டுக் கிணற்றடியில் அந்த வருடம் வாழை எல்லாம் பட்டுப்போய், முற்றத்துப் பூவரசும் வேலியோரத் தென்னைகளும் மட்டும் தப்பினவாம். பூவரசு கடலோரத்து மரம், அதற்கு இது பழக்கமான இடம்.

நான்காம் நாள்: வழியில்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கல்லாற்றில் இறங்கி வாவியின் மற்ற வாயைப் பார்த்தோம், கல்முனையில் தேத்தண்ணி, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊருக்குள் ஊர் புகுந்து ஓடுகிறது வீதி. திருக்கோவில் தாண்டியதும் வெளி அகலமாகிறது. கோமாரிப் பக்கம் வெயில் தாங்கவில்லை. தம்பி மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றான். அந்தக் கடைக்காரரின் வளவில் புதுத் தென்னங்குழி வெட்டி வைத்திருந்தார்கள், குழிக்குள் ஒரு பக்கம் கல்லுப்பு. சின்ன வயதில் இதைப் பார்த்து மூடப்பழக்கம் என்று நினைத்திருக்கிறேன். இல்லை. தென்னை குளோரைட்டை மற்றப் பயிர்களைவிட நிறையக் கேட்கும். பிலிப்பைன்ஸில் சாதாரண உப்பையே தென்னைக்கு உரமாகப் போடுகிறார்கள். ஆனால் தேங்கி நிற்கிற உப்புநீரில் தென்னை வராது, வடிய வேண்டும். இன்றைக்கு இவ்வளவுதான், முதுகு உடைந்துவிட்டது.

ஐந்தாம் நாள்: பொத்துவில் களப்பு

அறுகம்பையில் அலைச்சறுக்குக்காரர்களின் காலம் இது, தங்குமிடம் எல்லாம் யானை விலை. நாங்கள் பொத்துவில் ஊருக்குள் தம்பியின் சிநேகிதன் வீட்டில் தங்கினோம். விடிய ஐந்தரைக்குக் களப்புக் கரையில் நின்றோம். தோணிக்காரக் காக்கா சவளை ஊன்றித் தள்ளினார், மோட்டார் கிடையாது. காக்கா என்றால் இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். மோட்டார் இல்லாததால் எல்லாம் காதில் விழுகிறது. சேற்றில் நண்டு ஓடுகிற சத்தம்கூட.

இங்கேதான் கண்டல் காடு என்று சொல்லத்தக்கதாக இருக்கிறது. ரைசோபோரா. தண்டிலிருந்து வில்லாக வளைந்து தண்ணீருக்குள் இறங்குகிற வேர்கள், ஒன்றுக்குள் ஒன்று பின்னி, உள்ளே தோணி போகாது. காக்காவின் வாப்பா காலத்தில் பருத்தி வலைகளைக் கண்டல் பட்டை அவித்த சாயத்தில் தோய்ப்பார்களாம், உக்காமல் இருக்க. நைலோன் வந்தபிறகு அந்த வேலை இல்லை.

கண்டல் இலையை நக்கினால் ஒன்றும் இல்லை. உப்புச் சுரப்பி இதில் கிடையாது. வருகிற உப்பில் நூற்றுக்கு 97, 98 பங்கு என்று வேரிலேயே நின்றுவிடுகிறது. வேரின் உட்தோல் கலங்களைச் சுற்றித் தண்ணீர் நழுவ முடியாதபடி மெழுகுப்பட்டி ஒன்று உண்டு, கஸ்பாரியின் பட்டிகை என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். அதனால் தண்ணீர் கலமென்சவ்வின் ஊடாகத்தான் உள்ளே போக வேண்டும். சவ்வு தண்ணீரை விடும், உப்பை விடாது.

சரி, விடாது என்று சொல்லிவிட்டால் போதுமா? கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். நேற்று கோமாரியில் தம்பி ரயருக்கு அடித்த காற்று 2 வளிமண்டலம். அப்படிப் பன்னிரண்டு மடங்கு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் அந்த அழுத்தத்தை மின்சாரம் கொடுக்கிறது. இந்த மரத்துக்கு யார் கொடுக்கிறார்கள்? இலை. இலைவாய் வழியாகத் தண்ணீர் ஆவியாகும்போது மேலிருந்து இழுவை உண்டாகிறது. தண்ணீரை மேலே கொண்டுபோகிற குழாய்களான காழ்க்கலன்களில் உள்ள நீர்நிரல் அறாமல் அந்த இழுவையை வேர்வரை கொண்டுபோகிறது. கீழிருந்து தள்ளுவதில்லை, மேலிருந்து இழுப்பது.

இதை அளந்து காட்டியவர் ஷோலாண்டர் என்ற நோர்வே வழி அமெரிக்கர், 1965இல். வெட்டிய கொப்பொன்றை இரும்புக் கலத்துக்குள் வைத்து, வெட்டுமுனையை மட்டும் வெளியே நீட்டி மூடினார். உள்ளே வாயு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெட்டுமுனையில் சாறு துளிர்க்கும். அந்த அழுத்தமும், மரத்துக்குள் இருந்த இழுவையும் ஒன்று. கண்டல் வகை மரங்களில் 35 முதல் 60 வளிமண்டலம் வரை காட்டியது. கடலின் 25ஐ வெல்ல அது போதும். வெளிவந்த சாறு ஏறக்குறைய நன்னீர். இந்தப் பரிசோதனையை வகுப்பில் நான் சொல்லும்போது பின்வரிசைப் பெடியன்கள்கூட நிமிர்வார்கள்.

இந்த இழுவைக்கு விலை உண்டு. ஒவ்வொரு துளியையும் இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற மரம் அதைச் சிக்கனமாகத்தான் செலவழிக்கும். தடித்த தோல்போன்ற இலை, உச்சி வெயிலுக்கு முகம் கொடுக்காமல் நிமிர்ந்து சாய்ந்து நிற்கிற இலை, மெதுவான வளர்ச்சி. கண்டலுக்கு உப்பு பிடிக்கும் என்று நினைக்கிறோம். கன்றுகளைப் பலவித உப்பு அளவில் வளர்த்துப் பார்த்தால் கடல்நீரில் அரைப்பங்கோ அதற்குக் குறைவோ உப்புள்ள நீரில்தான் அவை நன்றாக வளர்கின்றன, முழுக் கடல்நீரில் அல்ல. நன்னீர்க் கரையில் வேகமாக வளர்கிற மற்ற மரங்கள் முந்திக்கொள்ளும். மற்றவர்கள் வராத இடத்தில் இவை இருக்கின்றன, அவ்வளவே.

காக்கா ஒரு மஞ்சள் இலையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் காட்டினார். "டீச்சர், உப்பையெல்லாம் இந்த இலைக்கு அனுப்பி மரம் அத உதிர்த்திரும் எண்டு வெள்ளைக்காரங்களுக்குச் சொல்ற. சரியா?" தோணியில் வருகிற எல்லோருக்கும் பிடிக்கிற கதை இது, உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அளந்து பார்த்த ஆய்வுகள் அதற்கு அவ்வளவாக ஆதரவு தரவில்லை. உதிரப் போகிற இலையில் உப்பின் செறிவு, பக்கத்திலிருக்கிற முதிர்ந்த பச்சை இலையைவிடப் பெரிதாகக் கூடவில்லை. இலை உதிரும்போது அதில் இருந்த உப்பும் போகும், அது உண்மை. மரம் ஓர் இலையைத் தேர்ந்தெடுத்துப் பலி கொடுக்கிறது என்பது கதை. காக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப இனி என்னத்தச் சொல்ற?" என்று சிரித்தார். ஷோலாண்டரின் இரும்புக் கலத்தைச் சொல்லச் சொன்னேன்.

கொப்புகளில் காய்கள் தொங்குகின்றன. காய் என்று பார்வைக்குத் தெரிவது உண்மையில் கன்று. விதை மரத்திலேயே முளைத்து, பழத்தைத் துளைத்துக்கொண்டு பச்சைத் தண்டாக நீள்கிறது, சில கண்டல் இனங்களில் அரை மீற்றருக்கும் மேலே. ஒன்றைக் கையில் வாங்கினேன். வழுவழுப்பு, அடிமுனை தடிப்பும் கூர்மையும், எதிர்பார்த்ததைவிடப் பாரம். விதைமுளை உப்புக்கு மிகவும் பயந்தது. அந்தப் பருவத்தைத் தாய்மரத்தில் உப்புக் குறைந்த சாற்றிலேயே கழித்துவிட்டு, தாங்கத் தக்க அளவுக்கு வளர்ந்தபிறகு விழுகிறது. சேற்றில் குத்தி நின்றால் நின்றது. இல்லாவிட்டால் மிதந்து வேறு கரைக்குப் போகும்.

இந்த வசதியால் கண்டலுக்கு ஒரு கெடுதலும் வந்தது. நடுவதற்கு இதைப்போல இலகுவானது இல்லை: பொறுக்கு, சேற்றில் குத்து, படம் எடு. சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்க இப்படித்தான் நடந்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு இலங்கையில் அப்படி நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. காக்காவும் ஓர் இடத்தைக் காட்டினார். வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு, பதாகையோடு, வரிசை பிடித்து நட்டதாம். கம்புகள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன, சிப்பி அப்பி.

"நான் சொன்ன டீச்சர், இதுல தண்ணி வடியிறல்ல, நிக்காது எண்டு. மேட்டுல கண்ணா வரும், கிண்ணை உள்ளுக்கு ஆறு வாற பக்கம் வரும். அவங்க கண்டல்தான் கொண்டுவந்திருக்கம் எண்டாங்க."

உப்பு எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வேறு வேறு பதில். மாதக்கணக்கில் முகத்துவாரம் மூடித் தண்ணீர் உயர்ந்து நின்றால், உப்பைத் தாங்குகிற கண்ணாவே மூச்சுவேர் மூழ்கிச் செத்துப்போகும். இலங்கையில் இருக்கிற கண்டல் காடு முழுவதையும் காப்பதாக 2015இல் அறிவித்தார்கள், நல்ல காரியம். இருப்பதைக் காப்பது, நடுவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. நடத்தான் வேண்டும் என்றால் முதலில் தண்ணீர் வந்து போகிற வழியைத் திருத்த வேண்டும். வழி திறந்துவிட்டால் கன்று தானே மிதந்து வரும். காக்கா காட்டிய அந்தக் கம்புகளுக்குப் பின்னால், யாரும் நடாத ஒரு வாய்க்கால் ஓரத்தில், கண்ணாக் கன்றுகள் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நின்றன.

நாளைக்குக் காலை பஸ்ஸில் பாணமைக்குப் போகிறோம். அங்கே கிண்ணை காய்த்திருந்தால் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.